இட்டவர் சொல்லும் தேடுபவர் சொல்லும்



இணையத்தில் குவிந்து கிடப்பவற்றுக்குக் குறிச்சொல் இடுவது பற்றியும், என்ன சொல்லை இடலாம் என்று எந்திரம் நமக்குப் பரிந்துரைப்பது பற்றியும் பேச நூலக அறிவியல் துறையினர் அழைத்தார்கள். தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், "ஹேஷ்டேக் பற்றி ஒரு மணி நேரமா?" என்று கேட்டார். ஹேஷ்டேக் இந்தக் கதையில் ஒரு சின்னக் கிளை. நான் புறநானூற்றிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

புறநானூற்றைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: பாட்டின் அடியில் ஒரு குறிப்பு இருக்கும். இன்ன திணை, இன்ன துறை, இன்னாரை இன்னார் பாடியது. இதைப் பாடிய புலவர் எழுதவில்லை. தொகுத்தவரோ, அவருக்கும் பின்னால் வந்தவரோ எழுதிவைத்தது. பல பாட்டுகளில் அரசன் பெயர் பாட்டுக்குள் வருவதே இல்லை. அடிக்குறிப்பு இல்லையென்றால் அது யாரைப் பற்றியது என்று நாம் இன்றைக்கும் ஊகித்துக்கொண்டுதான் இருப்போம். ஆக, முகம் தெரியாத ஒருவர் ஒட்டிவிட்டுப் போன நாலு சொல்லில் சங்க கால வரலாற்றின் ஒரு பெரும்பகுதி தொங்கிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தொல்காப்பியம் புறத்துக்கு ஏழு திணைதான் வகுக்கிறது. குறிப்பு எழுதியவரோ கரந்தை, நொச்சி, பொதுவியல் என்று அந்த ஏழில் திணையாக இல்லாத பெயர்களையும் தாராளமாக இடுகிறார். அவர் கையிலிருந்த இலக்கணம் வேறு. புறத்தைப் பன்னிரண்டாகப் பிரிக்கும் மரபைச் சேர்ந்தது. பிற்கால உரையாசிரியர்கள் இதை ஒப்பாமல் வாதாடியிருக்கிறார்கள். பாட்டு ஒன்றுதான், அதன்மேல் ஒட்டிய பெயர்தான் சண்டைக்குக் காரணம். இன்னும் சில பாட்டுகளின் அடியில் திணையும் துறையும் எழுதாமல் 'அவை' என்று மட்டும் இருக்கும். முந்தைய பாட்டுக்குச் சொன்னதே இதற்கும் என்று பொருள். எழுதியவருக்கு அது மிச்சம். ஆனால் முந்தைய ஏடு உதிர்ந்துபோனால் அந்த 'அவை' எதைச் சுட்டும்? புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகள் நமக்குக் கிடைக்கவே இல்லை என்பதை நினைத்துக்கொண்டால் இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல என்று தெரியும்.

இட்டவர் ஒருவர், தேடுபவர் வேறொருவர். இட்டவருக்கு நேரம் மிச்சமாக வேண்டும், தேடுபவருக்குப் பொருள் கிடைக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. இன்றைக்கு நான் சொல்லப்போவது இவ்வளவுதான்: குறிச்சொல்லைப் பரிந்துரைக்கும் கருவிகளில் பெரும்பாலானவை இட்டவர் பக்கம் சாய்ந்து நிற்கின்றன. அவற்றைத் தேடுபவர் பக்கம் திருப்ப வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகள் ஓர் ஆவணக் காப்பகத்தில் பழைய புகைப்படங்களைக் கணினியில் ஏற்றும் வேலையை மேற்பார்த்தேன். எந்தக் காப்பகம் என்பது வேண்டாம். மென்பொருளில் ஒரு வசதி இருந்தது. 'கோ' என்று அடித்தால் போதும், அதுவரை அதிகமாகப் பயன்பட்ட சொல் தானாக வந்து நிற்கும்: கோயில். அதைத் தொட்டால் அடுத்து 'திருவிழா', அதையும் தொட்டால் 'தமிழ்நாடு'. மூன்று தட்டலில் ஒரு படம் முடிந்தது. ஒரு நாளைக்கு இத்தனை படம் என்று கணக்கு வைத்திருந்தோம். கணக்கு வைத்தவன் நான்தான். பிள்ளைகள் அருமையாக வேலை செய்தார்கள். கணக்கும் நிறைந்தது.

ஒருநாள் ஆய்வு மாணவி ஒருவர் வந்தார். தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களின் படம் வேண்டும் என்றார். முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் இப்போது எந்த நல்ல காரியத்துக்கும் குறுக்கே நிற்பவர்களைத் திட்டத்தான் பயன்படுத்துகிறோம். ஓடுகிற தேரின் சக்கரத்தடியில் கட்டையைச் சரியான நொடியில் செருகித் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அந்த வேலையைத்தான் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். 'முட்டுக்கட்டை' என்று தேடினோம், ஒன்றும் வரவில்லை. 'தேர்' என்று தேடினோம், நாலைந்து வந்தது, எல்லாம் தூரத்திலிருந்து எடுத்தவை. 'கோயில்', 'திருவிழா' என்றால் நூற்றுக்கணக்கில் கொட்டியது. அரை நாள் போன பிறகு எங்கள் அட்டெண்டர், "அந்தச் சிவப்பு அட்டைப்பெட்டியில ரெண்டு படம் இருக்கும்மா" என்று எடுத்துவந்து கொடுத்தார். படத்தின் பின்னால் எடுத்தவரே பென்சிலில் எழுதியிருந்தார், 'தேர் முட்டுப் போடுபவர்' என்று. ஊர்ப் பெயரும் இருந்தது. எங்கள் கணினியில் அதே படத்துக்கு என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பென்சிலில் எழுதியவர் யாரோ, அவரே நல்ல குறிச்சொல்லை இட்டுவிட்டுப் போயிருந்தார். எந்திரம் பரிந்துரைக்காததால் நாங்கள் அதை ஏற்றவில்லை.

இது சோம்பேறித்தனம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட முடியாது. இதற்குள் ஒரு பழைய ஆராய்ச்சிச் சிக்கல் இருக்கிறது. 1987-ல் ஃபர்னாஸ், லாண்டவர், கோமஸ், டூமே என்ற நால்வர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பொருளையோ செயலையோ காட்டி, இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தார்கள். சமையல் குறிப்பு, விற்பனை விளம்பரம், கணினிக் கட்டளை என்று வெவ்வேறு துறைகள். இரண்டு பேர் ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதாவது நான் வைத்த பெயரில் நீங்கள் தேடிவருவீர்கள் என்று நான் நம்பினால், ஐந்தில் நான்கு முறை ஏமாறுவேன். கட்டுரையை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அரை நாள் அலைந்தது எங்கள் குற்றம் மட்டும் அல்ல. அவர்கள் சொன்ன மருந்துதான் முக்கியம். எல்லாரையும் ஒரே சொல்லுக்குப் பழக்குங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. ஒரே பொருளுக்கு எத்தனை பெயர் வருகிறதோ அத்தனையையும் வாசலாக வையுங்கள் என்றார்கள்.

நூலகம் அதுவரை எதிர்த்திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. 1876-ல் டூயி என்ற அமெரிக்க நூலகர் அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்தார். சமயத்துக்கு ஒதுக்கிய பத்துப் பிரிவுகளில் பெரும்பங்கு கிறித்துவத்துக்குப் போயிற்று, உலகின் மற்றச் சமயங்கள் எல்லாம் கடைசி ஒரு பிரிவில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தன. ஒரு புத்தகம் ஒரு தட்டில்தான் இருக்க முடியும் என்ற மர அலமாரியின் விதி, அறிவுக்கும் விதியாகிவிட்டது.

அதை உடைத்தவர் நம்மூர்க்காரர். சீர்காழியில் பிறந்து, சென்னையில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான ரங்கநாதன். லண்டனில் படிக்கப் போனவர், செல்ஃபிரிட்ஜ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே துண்டுகள், அதே திருகாணிகள். மாற்றி மாற்றிப் பூட்டினால் இன்றைக்கு வண்டி, நாளைக்குப் பாலம். பொருளையும் இப்படி ஏன் பூட்டக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. 1933-ல் அவருடைய கோலன் பகுப்பு முறை அச்சானது. நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை பற்றி 1950-களில் இந்தியாவில் நடந்த ஆய்வு என்று ஒரு புத்தகம் இருந்தால், அதற்கென ஒரு பெட்டியை முன்கூட்டியே செய்துவைக்க வேண்டாம். உறுப்பு, நோய், சிகிச்சை, இடம், காலம் என்று துண்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். எந்தப் பொருளையும் ஐந்து முகங்களில் பார்க்கச் சொன்னார் அவர். முதன்மையாக எதைப் பற்றியது, எதனால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று படித்து வளர்ந்த நமக்கு இது அந்நியமாகப் படாது. ஆனால் இந்தத் துண்டுகளைப் பூட்டும் வேலையைப் பயிற்சி பெற்ற நூலகர் செய்ய வேண்டும். வாசகர் செய்ய முடியாது.

வாசகரே செய்யலாம் என்று காட்டியது டெலிசியஸ். 2003-ல் ஜோஷுவா ஷாக்டர் என்பவர் தொடங்கிய தளம். நியூயார்க்கில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, தனக்குப் பிடித்த இணைப்புகளைச் சேர்த்துக் குறிப்பெழுதி வைத்துக்கொண்டிருந்தவர். அதையே எல்லாருக்கும் திறந்துவிட்டார். பிடித்த பக்கத்தைச் சேமிக்கலாம், பக்கத்தில் உங்களுக்குத் தோன்றும் சொற்களை இடலாம், கேட்பார் இல்லை. அடுத்த ஆண்டு வந்த ஃபிளிக்கர் புகைப்படத்துக்கும் இதைச் செய்தது. இந்தப் போக்குக்குத் தாமஸ் வாண்டர் வால் என்பவர் 2004-ல் 'ஃபோக்ஸானமி' என்று பெயர் சூட்டினார். மக்கள் வகைப்பாடு என்று சொல்லிக்கொள்ளலாம். 2007-ல் கிறிஸ் மெசினா என்பவர் ட்விட்டரில் சொல்லுக்கு முன்னால் வேலிக் குறி போடலாம் என்று யோசனை சொன்னார். நண்பர் கேட்ட ஹேஷ்டேக் அங்கே பிறந்தது. அது சேமித்து வைப்பதற்கான ஏற்பாடு அல்ல. கூட்டத்தில் குரல் எழுப்புவதற்கான ஏற்பாடு. அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

அந்த நாளில் டெலிசியஸில் ஒரு பக்கத்தைச் சேமிக்கப் போனால், அதே பக்கத்துக்கு மற்றவர்கள் இட்ட சொற்களையும், நீங்கள் முன்பு பயன்படுத்திய சொற்களையும் கீழே காட்டும். வேண்டியதைத் தொட்டால் போதும். ஸ்காட் கோல்டர், பெர்னார்டோ ஹூபர்மன் என்ற இருவர் இந்தத் தளத்தின் தரவை ஆராய்ந்து 2006-ல் எழுதியதில் ஒரு வியப்பான விஷயம் இருக்கிறது. ஒரு பக்கத்தைச் சுமார் நூறு பேர் சேமித்து முடிக்கும்போது, எந்தச் சொல்லுக்கு எத்தனை பங்கு என்பது ஏறக்குறைய உறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்தாலும் விகிதம் பெரிதாக மாறுவதில்லை. இதை நல்ல செய்தியாகப் பலரும் கொண்டாடினார்கள்: யாரும் கட்டளையிடாமல் ஓர் ஒழுங்கு பிறக்கிறதே! இருவரும் இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, எல்லாருக்கும் பொதுவான அறிவு. இன்னொன்று, பார்த்து எழுதுவது. முன்னால் வந்த நூறு பேரின் சொல் பின்னால் வருபவரின் கண்முன்னே நீட்டப்படுகிறது, அவரும் அதையே தொடுகிறார். பந்தியில் முதலில் பாயசம் கேட்டவரைப் பார்த்து வரிசையே பாயசம் கேட்பது மாதிரி. எங்கள் காப்பகத்தில் நடந்ததும் இதுவே.

அதனால் பரிந்துரையே கூடாது என்று சொல்ல வரவில்லை. வெறும் பெட்டியைக் காட்டி 'எழுது' என்றால் மனிதர்கள் ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். எதைப் பரிந்துரைப்பது என்பதே கேள்வி. இதற்கு நான் படித்ததில் தெளிவான விடை, யாஹூ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சிகுர்ப்யோர்ன்சன், வான் ஸ்வோல் என்ற இருவர் 2008-ல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. ஃபிளிக்கரில் பொதுவில் கிடந்த 5 கோடியே 20 லட்சம் படங்களின் குறிச்சொற்களை எடுத்துக்கொண்டார்கள். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று எண்ணினார்கள். எண்ணுவதில் இரண்டு வழி உண்டு. அந்த வேறுபாட்டைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் 'ஈஃபில் கோபுரம்' என்று இட்டுவிட்டீர்கள். அடுத்து என்ன சொல்லலாம்? முதல் வழி: இரண்டு சொல்லும் சேர்ந்து வந்த தடவையை, இரண்டில் ஏதேனும் ஒன்றாவது வந்த தடவையால் வகுப்பது. இரண்டும் ஏறக்குறைய எப்போதும் சேர்ந்தே திரிந்தால்தான் இதில் மதிப்பெண் கிடைக்கும். இந்த வழியில் முன்னுக்கு வந்தவை கோபுரத்தின் பிரெஞ்சுப் பெயர், வெறும் 'ஈஃபில்', பக்கத்தில் ஓடும் சேன் ஆறு போன்றவை. இரண்டாவது வழி: 'ஈஃபில் கோபுரம்' வந்த படங்களில் மட்டும் பார்த்து, அவற்றில் எத்தனையில் இன்னொரு சொல் இருக்கிறது என்று எண்ணுவது. இதில் முன்னுக்கு வந்தவை பாரிஸ், பிரான்ஸ், ஐரோப்பா. முதல் வழி அதே பொருளின் மறுபெயரைத் தருகிறது, இரண்டாவது அதைச் சூழ்ந்த பெரிய வட்டத்தைத் தருகிறது. ஒன்று பக்கத்து வாசல், இன்னொன்று ஊர் எல்லை.

இரண்டும் வேண்டியவைதான். ஆனால் பெரும்பாலான மென்பொருள்கள் இரண்டாவதை மட்டும், அதுவும் அரைகுறையாகச் செய்கின்றன. எதற்கும் 'தமிழ்நாடு' என்று நீட்டுகின்றன. அந்தக் கட்டுரையாளர்கள் இதையும் யோசித்திருந்தார்கள். எங்கும் பரவிக் கிடக்கும் சொல்லின் மதிப்பெண்ணைக் குறைத்துப் பின்னுக்குத் தள்ளும் ஒரு சரிக்கட்டலைச் சேர்த்தார்கள். இந்த எண்ணத்தின் வேர் கரென் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய அம்மையார் 1972-ல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. எத்தனை குறைவான ஆவணங்களில் ஒரு சொல் வருகிறதோ அத்தனைக்கு அது ஆவணத்தைப் பிரித்துக் காட்டும் என்றார். இன்றைய தேடுபொறிகள் பலவற்றின் அடித்தளத்தில் அந்தக் கணக்கு ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. 'கோயில்' மலிவு, 'முட்டுக்கட்டை' விலைமதிப்புள்ளது. எங்கள் மென்பொருள் இதைத் தலைகீழாக வைத்திருந்தது.

அதே ஃபிளிக்கர் ஆய்வில் இன்னொரு செய்தி. மக்கள் எந்த வகைச் சொற்களை இடுகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தபோது முதலிடம் பெற்றவை இடப்பெயர்கள். பிறகு பொருள்கள், மனிதர்கள், செயல்களும் நிகழ்ச்சிகளும், காலம். யாரும் சொல்லித்தராமல், ரங்கநாதன் பெயரையே கேள்விப்படாத லட்சக்கணக்கானவர்கள், அவருடைய ஐந்து முகங்களின் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது ஒரு யோசனை தோன்றியது. பரிந்துரைக்கும் பெட்டி ஏன் சொல்லை நீட்ட வேண்டும்? கேள்வியை நீட்டலாமே. எந்த ஊர்? எந்த ஆண்டு? படத்தில் இருப்பவர் என்ன செய்கிறார்? 'கோயில்' என்று இட்டவரிடம் 'திருவிழா' என்று கொடுப்பதைவிட, 'என்ன செய்கிறார்?' என்று ஒரு வெற்றிடத்தைக் காட்டினால் அந்தப் பிள்ளை படத்தைத் திருப்பிப் பென்சில் எழுத்தைப் படித்திருப்பாள்.

பொதுமக்கள் கையில் கொடுத்தால் குப்பைதான் சேரும் என்று நம் நூலகர்களில் பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008 ஜனவரியில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பழைய படங்களை ஃபிளிக்கரில் போட்டு, யாரும் குறிச்சொல் இடலாம் என்று திறந்துவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 2,500 பேர் 67 ஆயிரத்துக்கு மேல் சொற்களை இட்டிருந்தார்கள். தகாதது என்று நீக்க வேண்டியிருந்தவை மிகச் சொற்பம். ஊர் அடையாளம், ஆள் அடையாளம் என்று நூலகத்துக்கே தெரியாத தகவல்களும் வந்து சேர்ந்தன. நூலகம் அவற்றைச் சரிபார்த்துத் தன் பட்டியலில் ஏற்றிக்கொண்டது.

அதே ஃபிளிக்கர் 2015-ல் வேறொரு வேலை செய்தது. படத்தை எந்திரமே பார்த்துச் சொல்லை இடும் ஏற்பாடு. டாக்கௌ வதைமுகாமின் வாயிற்கதவுப் படத்துக்கு, பிள்ளைகள் ஏறி விளையாடும் சட்டகம் என்று இட்டது. கறுப்பின மனிதர் ஒருவரின் படத்துக்குக் குரங்கினத்தின் பெயரை இட்டது. உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது. எந்திரத்தின் பார்வை அப்போது மங்கல், இப்போது தேறிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். தேறியிருக்கலாம். ஆனால் தவறு பார்வையில் மட்டுமா? எந்திரம் அங்கே பரிந்துரைக்கவில்லை, தானே ஒட்டியது. ஒரு சொல்லை 'இது சரியா?' என்று உரியவரிடம் கேட்டிருந்தால் அந்த இரண்டு படங்களுக்கும் அந்தக் கதி வந்திருக்காது.

இந்த இடத்தில் கணினித் துறை மாணவர் யாராவது எழுந்து, இனிமேல் குறிச்சொல் எதற்கு, எல்லாவற்றையும் எந்திரமே படித்துப் பொருள் புரிந்து தேடித்தரும் என்று சொல்லக்கூடும். 'ரதம்' என்று தேடினால் 'தேர்' படத்தையும் அது காட்டும், உண்மைதான். ஆனால் படத்தில் இல்லாததை எந்திரம் எங்கிருந்து எடுக்கும்? அந்த ஊர் எது, அந்த மனிதர் பெயர் என்ன, எந்த ஆண்டுத் தேரோட்டம்? இவை படப்புள்ளிகளில் இல்லை, பின்னால் பென்சிலில் இருக்கின்றன, இல்லையென்றால் ஒரு பாட்டியின் நினைவில் இருக்கின்றன.

இனி, நான் மிகவும் மதிக்கும் ஓர் ஏற்பாட்டைப் பற்றி. இதைச் சொன்னால் இந்த அவையில் சிலர் முகம் சுளிக்கலாம். ரசிகர்கள் கதை எழுதும் தளம் அது. ஹாரி பாட்டர், ஷெர்லாக் போன்ற கதைகளின் பாத்திரங்களை வைத்துத் தாங்களே புதுக்கதை எழுதுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அவர்கள் டெலிசியஸைத்தான் தங்கள் நூலகப் பட்டியலாக வைத்திருந்தார்கள். எந்த இரண்டு பாத்திரங்களைப் பற்றிய கதை என்பதை இரண்டு பெயருக்கும் நடுவே ஒரு சாய்கோடு போட்டுக் குறிப்பது அவர்கள் வழக்கம். 2005-ல் டெலிசியஸை வாங்கிய யாஹூ, 2010 முடிவில் அதை மூடப்போகிறது என்று செய்தி கசிந்தது. 2011-ல் அது கைமாறியது. புதியவர்கள் தளத்தை அழகுபடுத்தித் திறந்தபோது, சாய்கோட்டை வைத்துத் தேட முடியாமல் போயிற்று. ஒரே ஒரு கோடு, அதோடு ஒரு சமூகத்தின் பட்டியலே பயனற்றுப் போனது. அவர்கள் கூட்டமாக வெளியேறி பின்போர்டு என்ற சிறிய தளத்துக்குக் குடிபோனார்கள். 2017-ல் அதே பின்போர்டின் உரிமையாளர் டெலிசியஸை விலைக்கு வாங்கி, புதிதாக எதுவும் சேர்க்க முடியாதபடி நிறுத்திவைத்தார். கதைகளில்கூட இப்படி முடிவு வைத்தால் மிகை என்பார்கள்.

அந்த ரசிகர்கள் தாங்களே கட்டிக்கொண்ட களஞ்சியம் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்'. 2009-ல் திறந்தது, 2019-ல் ஹியூகோ விருது பெற்றது. அங்கே எழுதுகிறவர் தன் கதைக்கு எந்தச் சொல்லை வேண்டுமானாலும் இடலாம். ஒரு பாத்திரத்தை முழுப்பெயரில் ஒருவர் குறிப்பார், செல்லப்பெயரில் ஒருவர், எழுத்துப்பிழையோடு ஒருவர். யாரையும் திருத்துவதில்லை. திரைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான தொண்டர்கள் உட்கார்ந்து, இந்தச் சொல்லும் அந்தச் சொல்லும் ஒன்றே என்று இணைத்துக்கொண்டே இருக்கிறார்கள். வாசகர் எந்தப் பெயரில் தேடினாலும் எல்லாம் வந்துவிடும். கதையின் முகப்பில் மட்டும் எழுதியவரின் சொல்லே நிற்கும். 1987-ல் அந்த நால்வர் எழுதிய மருந்துச்சீட்டு இதுதான். நிரலாளர் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலும் மறுபெயரை இணைக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் அங்கே ஒரு கேள்விக்கு ஐந்து சொல்தான், புதுச்சொல் படைக்க 1,500 நற்பெயர்ப் புள்ளி வேண்டும். நிரல்மொழிகளுக்கு அந்தக் கண்டிப்பு பொருந்தும். வாழ்க்கைக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

இணைப்பதற்கும் ஆள் வேண்டும், அறிவு வேண்டும். தஞ்சை என்றாலும் தஞ்சாவூர் என்றாலும் ஒன்று. கோயில், கோவில் ஒன்று. 'சதிர்', 'பரதநாட்டியம்' இரண்டையும் இணைக்கலாமா? சேர்ந்து வரும் எண்ணிக்கையைப் பார்க்கும் எந்திரம் உடனே இணைத்துவிடும். 1930-களில் அந்தப் பெயர் மாறியதோடு ஆடும் இடம் மாறியது, ஆடுகிறவர்கள் மாறினார்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் ஒரு சமூகம் இழந்தது என்ன என்பது தேடலிலிருந்து மறைந்துவிடும். 'ஒன்றே' என்று கட்டாமல் 'தொடர்புடையது' என்று கட்ட வேண்டிய சொற்கள் இவை. இதைத் தீர்மானிப்பவர் வரலாறு தெரிந்தவராக இருக்க வேண்டும்.

தமிழுக்கென்று சில தனித் தொல்லைகளும் உண்டு. 'கொ' என்ற எழுத்தை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'ஒ'கரக் குறியை ஒரே குறியாக இடலாம், கொம்பும் காலும் எனப் பிரித்தும் இடலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இதைச் சரிசெய்ய இயல்பாக்கம் என்ற முறை உண்டு, அதை ஓட்டினால் போதும். 'ஔவை' விஷயத்தில் அதுவும் உதவாது. பலர் 'ஔ'வுக்குப் பதிலாக 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போடுகிறார்கள். 'கௌரி'யை 'கெளரி' என்று அடிப்பவர்கள் எத்தனை பேர்! திரையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், கணினிக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இன்னொன்று: பல நிரல்மொழிகளில் சொல்லைப் பிரித்தெடுக்க வழக்கமாக ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள். நம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாக மதிப்பதில்லை. பைத்தான் மொழியின் வழக்கமான தொகுப்பில் அதை அப்படியே ஏவினால் 'தமிழ்' என்ற சொல் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக வரும். 'தமிழ்' என்பதையே உடைக்கும் கருவி தமிழுக்கு எந்தச் சொல்லைப் பரிந்துரைக்கும்? சொல்லுக்கு இடைவெளி விட்டாலே அடுத்த குறிச்சொல் என்று எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு டெலிசியஸில் இருந்தது. அங்கே 'திருநெல்வேலி அல்வா' இரண்டாகிவிடும். ஊரும் கிடைக்கும், அல்வாவும் கிடைக்கும், திருநெல்வேலி அல்வா கிடைக்காது.

வேற்றுமை உருபு இன்னொரு சங்கடம். 'மதுரை', 'மதுரையில்', 'மதுரைக்கு' மூன்றையும் மூன்று குறிச்சொல்லாக வைத்திருக்கும் இதழ்த் தளங்களை நான் பார்த்திருக்கிறேன். இதை எந்திரத்திடம் விடலாம், அதற்கு அது போதும். ஊர்ப் பெயர்களின் மரூஉவை அதனிடம் விட முடியாது. நெல்லை எது, குடந்தை எது, புதுகை எது என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். பெயர் தெரியாத சிற்றூர்களுக்கு அந்த ஊர்க்காரர்களே சொல்ல வேண்டும்.

அதனால் நூலக அறிவியல் துறை மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பவர்கள் ஆளுக்கு ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள ஊர், கோயில், தொழில், கருவி, திருவிழா ஆகியவற்றுக்கு வழங்கும் எல்லாப் பெயரையும் எழுதுங்கள்: மக்கள் சொல்வது, பலகையில் எழுதியிருப்பது, பழைய பெயர், மரூஉ, தவறாக எழுதும் வழக்கம் உட்பட. எது எதோடு ஒன்று, எது எதோடு தொடர்புடையது என்று மட்டும் குறித்துவையுங்கள். திருத்த வேண்டாம். யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வையுங்கள். தமிழில் குறிச்சொல் பரிந்துரைக்கும் எந்தக் கருவியைச் செய்பவருக்கும் முதலில் வேண்டியது அந்தப் பட்டியல்தான். தேரின் சக்கரத்துக்கு முட்டுப் போடுபவரை உங்கள் ஊரில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அந்த மாணவி இன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்.